ஒன்பதாம் வரிசை

சுரங்க மேட்டில் நட்ட அறுநூறு செஸ்ட்நட் கன்றுகளில் ஐந்நூற்று நாற்பதில் பட்டை வெடித்து ஆரஞ்சுப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. மூன்றாவது கோடையிலேயே. எல்லாம் வனெட்டாவின் தோட்டத்து ஒன்பதாம் வரிசை மரங்களின் விதையில் முளைத்தவை. செஸ்ட்நட் காடுகளையே அழித்த கருகல் நோயைத் தாங்கும் என்று நாங்கள் அச்சில் எழுதிக் கொடுத்த மரங்கள்.

ஆய்வுக்குத் தலைவரான டாக்டர் ப்ரூயெட் என் மேசைக்கு வந்து, தாய் மரங்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நிலக்கரி தோண்டிய இடம், மண்தான் காரணமாக இருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். மண் இல்லை என்று எனக்குத் தெரியும். நான்கு வருடங்களாகத் தெரியும்.

செஸ்ட்நட்டைச் சோதிக்கும் முறை இதுதான். மரம் மணிக்கட்டுப் பருமன் ஆனதும் பட்டையில் சிறு துளை போட்டு, பூஞ்சை வளர்ந்த ஜெல்லித் துண்டு ஒன்றை உள்ளே வைத்து டேப் சுற்றிவிடுவோம். இலையுதிர் காலத்தில் புண்ணை அளந்து மதிப்பெண் போடுவோம். நன்றாகத் தாங்கிய மரங்கள் விதைக்கு. மற்றவற்றை வெட்டிவிட வேண்டும், அவற்றின் மகரந்தம் கலந்துவிடக் கூடாது. ஆறு வருடம் தண்ணீர் ஊற்றி, மான் கடிக்காமல் வேலி போட்டு வளர்த்தவர்களே நோயையும் வைக்க வேண்டும். தோட்டத்துக்காரர்கள் சிலர் அன்றைக்கு வேலை இருப்பதாகச் சொல்லி டவுனுக்குப் போய்விடுவார்கள்.

நான்கு வருடம் முன்பு, அந்தச் சோதனை நாளில் வனெட்டா போகவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து வைத்துவிட்டு, ஒன்பதாம் வரிசையைத் தானே பார்த்துக்கொள்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய கணவர் எல்பர்ட் சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே நட்ட வரிசை அது. இருபத்திரண்டு மரங்கள். அடுத்த வசந்தத்துக்கு அவர் இல்லை.

துளையால் மட்டும் மரம் சாவதில்லை என்று காட்ட, வரிசைக்கு இரண்டு மரத்தில் பூஞ்சை இல்லாத வெறும் ஜெல்லி வைப்பது வழக்கம். அன்று மாலை பெட்டியை அடுக்கும்போது வெறும் ஜெல்லித் தட்டு காலியாகியிருந்ததையும், பூஞ்சைத் தட்டு ஒன்று தொடாமல் கிடந்ததையும் பார்த்தேன். கேள்வி வாய் வரைக்கும் வந்தது. எல்லோரும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.

இலையுதிர் காலத்தில் ஒன்பதாம் வரிசையின் துளைகள் சுத்தமாக மூடியிருந்தன. எவ்வளவு தாங்கும் மரத்திலும் ஒரு கறுப்பு விளிம்பாவது இருக்கும். இவற்றில் தழும்புகூட இல்லை. இருபத்திரண்டுக்கும் முழு மதிப்பெண் எழுதினேன். டாக்டர் ப்ரூயெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வனெட்டா என்னைக் கட்டிக்கொண்டார்.

இப்போது நான் போனபோது ஒன்பதாம் வரிசையின் அடிமரங்களில் சேறு அப்பியிருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் தீவனச் சாக்கும் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. புண்ணில் ஈர மண் அப்பினால் பூஞ்சை அந்த இடத்தில் அடங்கும். அதற்கு மேலே, கை எட்டாத இடத்தில் மறுபடி வரும். வந்திருந்தது. ஏழாவது மரத்தின் உச்சிக் கிளைகளில் இலைகள் ஜூலையிலேயே சுருண்டு தொங்கின.

வனெட்டா வாளியோடு வந்தார். என்னைப் பார்த்து நிற்கவில்லை.

"எட்டாம் வரிசையில இருந்து வந்துச்சு கண்ணு," என்றார். "நீங்க வச்ச நோவு. அளக்கணும் அளக்கணும்னு ரெண்டு வருஷம் வெட்டாம விட்டீங்கல்ல. காத்துல வந்துருச்சு."

அது உண்மை. எட்டாம் வரிசை என் பொறுப்பு.

சுரங்க மேட்டுக் கன்றுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சேற்றைப் பிசைந்தார். அன்றைக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாந் தெரிஞ்சுதான கேக்குற. மத்ததெல்லாம் உங்க மரம். இது என் ஆளு மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நட்டது. இதுல கொண்டுபோய் நோவ வைக்க எனக்குக் கை வரல."

"அறுநூறுல ஐந்நூத்தி நாப்பது கன்னு போச்சு வனெட்டாம்மா."

"போச்சு. நீ அன்னிக்குப் பெட்டியத் தொறந்து பாத்துட்டு, என் மூஞ்சியையும் பாத்த. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே அழுதுட்டுச் சொல்லியிருப்பேன். கேட்டியா?"



அதன் பிறகு அவர் குரல் இறங்கியது. மேட்டில் மண் சரியில்லை என்று எழுதிவிடச் சொன்னார். டாக்டரும் அதைத்தானே நினைக்கிறார், யாருக்கு என்ன நஷ்டம் என்றார். சேற்றை வைத்து இன்னும் பத்து வருடம் ஓட்டிவிடுவேன், அதற்குள் நானும் போய்விடுவேன் என்றார்.

இந்த மரங்களின் மகரந்தம் மூன்று பூக்காலமாக மற்ற வரிசைகளில் ஏறியிருக்கிறது. மற்ற தோட்டங்களுக்கும் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறோம். அவர் சொன்னபடி எழுதுவது எனக்கு எளிது. என் பெயரும் தப்பும்.

அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். துளையில் வெறும் ஜெல்லி வைக்கப்பட்டது, எனக்கு அன்றே தெரியும், மதிப்பெண் போட்டது நான் என்றேன். அவர் இருபத்திரண்டையும் வெட்டக் குறியிடச் சொன்னார். வெள்ளிக்கிழமை நான் அலுவலகத்துக்கு வந்தால் போதும், அலுவலகச் சாவியை ஒப்படைக்கக் கொண்டுவரவும் என்றார்.

வனெட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் உனக்கு வாய் வந்துச்சாக்கும்," என்றார்.

வண்டியிலிருந்து, வெட்ட வேண்டிய மரங்களில் கட்டும் நீல ரிப்பன் சுருளை எடுத்துவந்து முதல் மரத்தில் கட்டினேன். இரண்டாவதில் கட்டினேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் மறுமுனைக்குப் போய், கடைசி மரத்தின் சாக்கை அவிழ்த்து, காய்ந்த மண்ணைச் சுரண்டிவிட்டுப் புதுச் சேறு அப்பத் தொடங்கினார். நான் இந்தப் பக்கமிருந்து, அவர் அந்தப் பக்கமிருந்து.

பதினோராவது மரத்தில் எதிரெதிரே வந்தோம். அவருடைய முழங்கை வரை சேறு.

"தள்ளு," என்றார். தள்ளி நின்றேன். அப்பி முடித்து, சாக்கைச் சுற்றிக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். அவர் அடுத்த மரத்துக்கு நகர்ந்ததும், அந்த முடிச்சுக்கு மேலே ரிப்பனைக் கட்டினேன்.