மூன்று ஓலை வாசிக்கும் வரை

1983ஆம் ஆண்டு, மகள் ரூபியின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், பிலோமினம்மாள் தேக்கா சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்துபோனாள். மீன் கடை ஒலி முகம்மதுதான் டாக்சி வைத்து அவளைத் தோ பாயோ வீட்டில் கொண்டுவந்து விட்டார். வெயிலில் தலை சுற்றிவிட்டது என்று அவரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லி முடித்தார் அவள் கணவர் இஞ்ஞாசி.

ரூபி நம்பவில்லை. ஒரே குழம்பில் அம்மா மூன்று முறை உப்புப் போட்டதைப் பார்த்தவள் அவள். பிடிவாதம் பிடித்து அம்மா அப்பா இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே டாக்டர் சேதுபதி, வயதானவர்களின் மறதியைப் பார்ப்பதற்கென்றே வியாழக்கிழமைகளில் ஓர் அறை திறந்திருந்தார். அறை இருந்தது மனநோய்ப் பிரிவின் தாழ்வாரத்தில். தெரிந்தவர் யாரும் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று இஞ்ஞாசி சுவரோரமாக நடந்தார். பிலோமினம்மாள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் அழுதாள். பயந்திருக்கிறார், அடுத்த வியாழன் வாருங்கள் என்றார் டாக்டர்.

அந்த ஒரு வாரம் இஞ்ஞாசிக்குப் போதுமானதாக இருந்தது. லூர்து மாதா கோயிலில், இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று சபையைக் கேட்கும் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கல்யாணம். அதற்குள் பெண்ணின் தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சாங்கியிலிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு சொல் போனால் போதும், நான்கு தலைமுறை நிமிர்ந்து நடந்த குடும்பம் கோயில் வாசலில் தலைகுனிய வேண்டியதுதான்.

டாக்டரின் கேள்விகள் அத்தனையும் அவர் மனத்தில் பதிந்திருந்தன. கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதுபோல், காலையும் மாலையும் செபமாலை முடிந்ததும் மனைவியை உட்காரவைத்தார். இது என்ன ஆண்டு? எத்தனையாவது மாடி? நினைவில் வைக்கச் சொன்ன மூன்று பொருள் எவை? வாழைப்பழம், சாவி, குடை. ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து.

நான்காம் நாள் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, எனக்கு என்னமோ ஆகுது. டாக்டர்கிட்ட நான் பேசணும்."

"ஓலை முடியட்டும். அப்புறம் பேசலாம்."

வியாழனன்று பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருக்க, அவள் ஒப்பித்தாள். வயதுக்கேற்ற மறதிதான் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. கோட்டுப் போட்டு மகளைப் பீடத்துக்கு அழைத்துப்போன இஞ்ஞாசியைப் பார்த்து எல்லாரும் மெச்சினார்கள்.

அவர் சொன்ன அந்த 'அப்புறம்' வரவேயில்லை. ரூபி வரும் நாள்களில் அம்மா தூங்குகிறாள் என்பார். மற்ற நாள்களில் கதவைப் பூட்டி வைப்பார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கைக்குழந்தையோடு சொல்லாமல் வந்து நின்ற ரூபியைப் பார்த்துப் பிலோமினம்மாள், "யாரு வேணும் உங்களுக்கு?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

ரூபி அழவில்லை. அடுத்த வியாழன் இருவரையும் தானே கூட்டிப்போனாள்.

அறை இப்போது அந்தத் தாழ்வாரத்தில் இல்லை. கீழ்த்தளத்தில், கண் பரிசோதனைக்குப் பக்கத்தில் இருந்தது. பிலோமினம்மாளை மட்டும் டாக்டர் உள்ளே அழைத்துக்கொண்டார். இஞ்ஞாசியையும் ரூபியையும் தாதி அன்னம்மா வேறோர் அறையில் உட்காரவைத்தாள். கூடவே உட்காரக் கூடாதா என்று இஞ்ஞாசி விறைப்பாகக் கேட்டார்.

"இப்ப அப்படி விடறதில்லங்கய்யா. நிறைய பேரு வீட்லயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்துடறாங்க. இப்ப கேள்வியையும் மாத்திட்டோம், முதல்ல வீட்டாளுங்ககிட்டதான் விசாரிக்கிறோம்."

இஞ்ஞாசி தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிலோமினம்மாள் தன் கையைப் பிடித்துக் கேட்டதையும் விடவில்லை. ரூபி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"என் கல்யாணத்துக்காகவாப்பா?"



அன்னம்மா நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. நோய் முற்றிய பிறகு எங்கே, யார் பராமரிப்பில் இருக்க நோயாளி விரும்புகிறார்? தொடக்கத்திலேயே வருகிறவர்களிடம் இதை நேரில் கேட்டு எழுதிக்கொள்வோம், இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள் அன்னம்மா.

"என் வீட்லதான். எழுதிக்கம்மா."

"அது உங்க விருப்பம்ப்பா," என்றாள் ரூபி. "அம்மா என்ன சொன்னாங்க?"

அன்னம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். நாற்பத்தொரு ஆண்டுகள் தன்னோடு வாழ்ந்தவளின் முகத்தை இஞ்ஞாசி நினைத்துப் பார்த்தார்.

"தெரியாதுன்னு எழுதுங்க," என்றார்.