வட்ட மூலை

"அண்ணே, மூலையெல்லாம் குத்துது. வட்டமா வெட்டிக் குடு."

என் தங்கை என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான். என் ஜெராக்ஸ் கடையில், லேமினேஷன் போட்ட பட அட்டைகளை அப்போதுதான் வெட்டி முடித்திருந்தேன். பை, பலகை, கழிப்பறை, ஊஞ்சல்.

"சீட்டுக்கட்டு மாதிரி இருக்கு. இதுக்கு ஒரு காலேஜ், ஒரு பட்டம்!"

"சிரி. எங்க சீனியர் ஒருத்தி வளர்ந்த பிள்ளைங்களுக்கு வேலைப் பயிற்சி குடுக்குறா. இன்னொருத்தர் வீடு வீடாப் போய் கைக்குழந்தைங்களைப் பாக்குறார். நான்தான் உன் கடையில கத்திக்கிட்டு நிக்கறேன். வெட்டு."

ஒரு பச்சை பாட்டில் மூடியை மூலையில் வைத்துக் கோடு போட்டுக் காட்டினாள்.

சிறப்புக் கல்வியில் அவளுக்கு அது கடைசி வருடம். பயிற்சிக்குப் போன பள்ளியில் பேச்சு வராத ஆறு வயதுக்காரி ஒருத்தி அவள் பொறுப்பில் இருந்தாள். அந்தச் சிறுமிக்குப் பட்டப்பெயர் சின்ன மேடம். அன்றைய வேலைகள் பட அட்டைகளாகப் பலகையில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்த அட்டை பெட்டிக்குள் போகும். வரிசை மாறினால் மேடம் ஓரடி நகரமாட்டாள். முதல் அட்டை, பல் தெரியச் சிரிக்கும் என் தங்கை.

மறுநாள் அவள் கல்லூரிப் படியில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. எழவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய வகுப்புத் தோழி நெட்டை கடைக்கு வந்தாள்.

"சின்ன மேடம் வாசல்லயே நிக்குறாண்ணே. பலகையில படம் இருக்கு, ஆள் இல்ல. இப்படியே போனா அவங்கம்மா பள்ளியை விட்டே நிறுத்திடுவாங்க. அவளுக்கு விஷயத்தைச் சொல்ல நாலு அட்டை வேணும்."

'அக்கா சாமிகிட்ட போயிட்டாங்க' என்று கம்ப்யூட்டரில் தட்டினேன்.

"போனவங்க திரும்பி வருவாங்கன்னு வாசல்லயே காத்திருப்பா."

"தூங்கிட்டாங்கன்னு போடவா?"

"அப்புறம் அவ தூங்கவே மாட்டா. அவங்கம்மா என்னை உதைப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பன்னிரண்டு நாளில் முதல் முறையாக.

"உள்ளதைப் போடுங்கண்ணே. எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது அதுதான்."

வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் 'போயிட்டா' என்றே சொல்லியிருந்தேன். இப்போது ஒற்றை விரலால் தட்டினேன். அக்கா இறந்துட்டாங்க. இனி வரமாட்டாங்க. நெட்டை அக்கா வருவாங்க. ஊஞ்சல் இருக்கு.

நெட்டையின் தலை படத்துக்குள் அடங்க மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.

காலையில் நானும் பள்ளி வாசலுக்குப் போனேன். சின்ன மேடம் முதல் அட்டையை வாங்கினாள். மூலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறந்துவிட்டிருந்தேன்.

"மேடம் ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டாங்க," என்று நெட்டை கத்தரிக்கோலை நீட்டினாள். மூடி என் சட்டைப் பையிலேயே இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து பதினாறு மூலைகளையும் வெட்டினேன். மேடம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். நெட்டை, ஒவ்வொரு அட்டையையும் தொட்டுத் தொட்டு வாசித்தாள், மெதுவாக, இரண்டு தடவை.

மேடம் உள்ளே போனாள். பலகையிலிருந்து என் தங்கையின் படத்தைத் தானே எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். அந்த இடத்தில் நெட்டையை ஒட்டினாள், தலைகீழாக. பிறகு நேராக்கினாள்.

நெட்டை இப்போது ஒரு சாதாரணப் பள்ளியில் சிறப்பாசிரியை. அவளுக்கும் அந்த வகுப்பில் படித்த மற்றவர்களுக்கும் அட்டை என் கடையில்தான். பச்சை மூடி மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது.