அன்னத்தைப் பிரித்த கதை

எங்கள் வால்டென்ரோடே அரசு, வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகும். ஆனால் அரண்மனை விதிப்புத்தகம் நானூறு பக்கம். அதில் ஒரு விதி: விருந்துக்கு வரும் ராணி ஏற்கெனவே ஏதாவது நகை பரிசளித்திருந்தால், எங்கள் ராணி அதை அணிந்துதான் விருந்தில் உட்கார வேண்டும்.

பதினேழு வருடமாக நகைப்பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அதனால்தான் சடங்கு அதிகாரி டிராட்விட்ஸ் பிரபு அன்று காலையிலேயே என் அறைக்கு வந்து மூக்கை உயர்த்தினார்.

"லீனா, சாயங்காலம் ஃபிரடெரிக்கா மகாராணி வர்றாங்க. அவங்க கொடுத்த வைர அன்னத்தை எடுத்து வை. அதைப் பத்தி மூணு பக்கம் பேச்சு எழுதியிருக்கேன்."

"சரிங்க பிரபு" என்றேன். அன்னம் இருந்தால்தானே எடுத்து வைக்க?

அது மார்பில் குத்திக்கொள்ளும் நகை. இரண்டு உள்ளங்கை அகலம். சூப் குடிக்கக் குனிந்தால் அலகு தாடையைப் பதம் பார்க்கும். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த எங்கள் ராணி அடேலா, ஒருநாள் "இதைப் பிரிச்சுடு லீனா, யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். நகைக்காரர் வைரங்களை எடுத்து மெல்லிய கிரீடம் ஒன்று செய்துவிட்டார். மிஞ்சிய அலகு என் ஊசி டப்பாவில் கிடக்கிறது. அன்னத்தை நகைக்காரரிடம் கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்டவள் நான். விருந்தாளி முகம் சுளித்தால் வேலையும் போகும், தங்கும் அறையும் போகும். துணிமணியைப் பெட்டியில் கட்டி வைத்தேன்.

ஐரோப்பிய ராணிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் அத்தை மகள், சித்தி மகள். அதனால் வாசலில் பீரங்கி முழக்கம் முடிந்த கையோடு ஃபிரடெரிக்கா நேரே ஒப்பனை அறைக்குள் வந்துவிட்டார்.

"ஏண்டி அடேலா, எங்கடி என் அன்னம்?"

நான் மண்டியிட்டேன். "என் தப்பு மகாராணி, நான்தான்..."

"நீ சும்மா இரு லீனா. நான்தான்க்கா பிரிக்கச் சொன்னேன். ஒரு வாய் சூப் குடிக்க விடல அது."

ஃபிரடெரிக்கா பொத்தென்று நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பாடா! சாப்பாடு முடியிற வரைக்கும் அது மூஞ்சியப் பார்க்கணுமேன்னு ரயில் முழுக்கப் பயந்துக்கிட்டே வந்தேன். எங்க மாமியார் செய்யச் சொன்னதுடி. இங்க பாரு." தாடைக்கு அடியில் ஒரு தழும்பு. "அதான் உன் தலையில கட்டினேன்."

"அடிப்பாவி! நட்பின் அடையாளம்னு கொடுத்தியே!"

"அப்படிச் சொன்னது உங்க டிராட்விட்ஸ். நான் விசிறியக் கடிச்சுச் சிரிப்ப அடக்கினேன். லீனா, அந்த அலகு இருக்கா? பத்திரமா வை. மாமியார் இன்னும் உசிரோட இருக்காங்க, கேட்டா காட்ட ஏதாவது வேணும்."

நான் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிரித்து, துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன்.

விருந்தில் டிராட்விட்ஸ் எழுந்தார். ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத கண். கண்ணாடி போட்டால் கௌரவம் குறையுமாம். மூன்றாம் பக்கத்தில், எங்கள் ராணியின் மார்பில் அன்னம் சிறகு விரித்து ஒளிர்வதைக் குரல் தழுதழுக்க வர்ணித்தார். இரண்டு ராணிகளும் நன்றாகக் குனிந்து, சூப்பைக் கடைசித் துளி வரை குடித்துக்கொண்டிருந்தார்கள்.