ரயிலடிவரை வந்த தெரு

ஒதில் தன் ஊருக்குப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, அவள் தங்கியிருந்த தெரு அவளை வழியனுப்ப ரயிலடிவரை வந்துவிட்டது. முழுத் தெருவும்தான்: செங்கல் வீடுகள், கொடியில் காய்ந்த துணிகள், மர்செலனின் ரொட்டிக்கடை, அடுப்பில் வெந்துகொண்டிருந்த ரொட்டி எல்லாம். கால்வாய்ப் பாலத்தில் இடித்துக்கொண்டதில் சில பூந்தொட்டிகள் விழுந்தன, மற்றபடி சேதமில்லை. தெற்குப் பிரான்சில், எங்கள் துலூஸில் தெருக்களுக்குப் பாசம் கொஞ்சம் அதிகம். வடக்கே சொன்னால் நம்பமாட்டார்கள், அது அவர்கள் பாடு.

ஒதில் வடக்கே லீல் நகரத்தில் ஆசிரியை. தோழியின் கல்யாணத்துக்கு வந்தவள், ரொட்டிக்கடையின் மாடியறையில் நான்கே நாள் தங்கினாள். முதல் நாள் கடைக்குள் நுழைந்ததும் மர்செலன் "அதியூ!" என்றார். அவள் முகம் வாடிவிட்டது. அவள் ஊரில் அது ஒரேயடியாகப் பிரிகிறவர்களுக்குச் சொல்வது. எங்களுக்கோ வருகிறவர்களை வரவேற்கவும் அதே சொல்தான்.

"வந்ததும் வராததுமா துரத்துறீங்களே!" என்றாள்.

மர்செலனின் மனைவி ஊகெத் சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது. விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்தாள். அதற்குப் பிறகு ஒதிலுக்கு இந்த ஊரை அப்படிப் பிடித்துப்போயிற்று. ஆற்றங்கரையில் சாயங்காலம் செங்கல் சுவர்கள் சிவந்துகிடப்பதைப் பார்த்து, கல்யாண விருந்துக்கே தாமதமாகப் போனாள்.

ரயிலடிக்கு வந்த தெரு சும்மா நிற்கவில்லை. ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. திங்கள் காலை வகுப்பில் நிற்காவிட்டால் ஒதிலுக்கு வேலை போய்விடும். நிலைய அதிகாரி விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். ஒதிலுக்கோ போகவும் மனமில்லை, இருக்கவும் வழியில்லை. அழுகையும் அவசரமுமாக, பிறந்த ஊர்ப் பழக்கம் முந்திக்கொள்ள, "அதியூ!" என்று கத்திவிட்டாள்.

தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னை வரவேற்கிறாள் என்று குதூகலமாக நகர்ந்து, ரொட்டிக்கடை வாசலை நடைமேடையோடு ஒட்டி நிறுத்தியது. ஊகெத் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"கெடுத்தியே காரியத்த! ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு சொல்லு, போயிடும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நீ வந்துட்டா அது எப்படிம்மா பொய்யாகும்?"

ஒதில் சுவரைத் தடவி அப்படியே சொன்னாள். தெரு மறு பேச்சில்லாமல் திரும்பிப் போயிற்று. ரயிலும் கிளம்பியது.

அன்றிரவு ஊகெத் இன்னொரு தட்டு வைத்து, வாத்துக்கறியும் வெள்ளைப் பீன்ஸும் போட்ட குழம்பைப் பரிமாறினாள். அது ஆறவில்லை. மறுநாளும் ஆறவில்லை. பூனை ஒருமுறை நக்கிப் பார்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டது. தெருவுக்குத் தார் போட்டார்கள், மர்செலனின் தலை நரைத்தது, கடைக்குக்கூட வெள்ளையடித்தார்கள். தட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது. அங்கே லீலில் ஒதில் கல்யாணம் செய்து, பிள்ளை வளர்த்து, தலைமை ஆசிரியையும் ஆனாள். சாயங்காலமானால் அவள் மூக்குக்கண்ணாடியில் காரணமில்லாமல் ஆவி படியும். துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்ற வாரமே பெட்டியோடு வந்து இறங்கினாள். தெரு பாதி வழியில், பாலத்திலேயே காத்திருந்தது. கடைக்குள் நுழைந்து, "அதியூ!" என்றாள்.

மர்செலன் பிசைந்த மாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்பதான் உனக்கு ராத்திரியாச்சா? உக்காரு, ஆறிடப் போவுது."

ஒதில் ஊதி ஊதிச் சாப்பிட்டாள். பீன்ஸ் கொஞ்சம் குழைந்திருந்தது, உப்பு சரியாக இருந்தது.