நான்கு ஆணி அறைந்த சாமி

“நாலு ஆணி அடிச்சு சுவரோட இறுக்கி வச்சுட்டு, தலையாட்டு தலையாட்டுன்னா அது எப்படிய்யா ஆட்டும்?”

மாகலாத் போட்ட சத்தம் எங்கள் பெத்சூர்க் கிணற்றடிவரை கேட்டது. கேட்காவிட்டாலும் நாங்கள் போய்க் கேட்டிருப்போம். அவள் கணவன் தச்சன் அசரேல் செய்த மரச்சாமிக்கு அன்று காலைதான் இடது காதில் துளிர் விட்டிருந்தது.

அந்தக் கர்வாலி மரத்தை அவன் இரண்டாகப் பிளந்ததை ஊரே பார்த்தது. ஒரு பாதி அடுப்புக்குப் போயிற்று. அதில் சுட்ட அப்பத்தை நானும் தின்றேன். மறுபாதிக்கு மூக்கும் முழியும் செதுக்கி, விழுந்துவிடுமோ என்று பயந்து ஆணியறைந்து, பிறகு அதன் காலில் விழுந்தான். மகள் கெத்சியாளைத் தெக்கோவா ஊர் ஆட்டிடையன் யாஷூபுக்குக் கொடுக்க அந்தச் சாமி தலையசைக்க வேண்டுமாம். இரண்டு வாற்கோதுமை அறுப்பு கழிந்தது. அத்தி பழுத்ததும் வேறு பெண் பார்ப்பேன் என்று யாஷூபின் தாய் ஆளனுப்பிவிட்டாள்.

“துளிர் விட்டா சம்மதம்னு அர்த்தமா?” என்று அசரேல் எங்களைக் கேட்டான்.

“வெயில் வேணும்னு அர்த்தம்,” என்றாள் மாகலாத்.

ஒரே வாரத்தில் சாமியின் விரல்கள் கிளைகளாயின, மூக்கைப் பட்டை மூடிற்று. வலது காதில் விட்ட இலையைக் கழுதை தின்றது. சாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆணியைச் சுற்றிப் பட்டை கிழிவதைத் தச்சனால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நான்கையும் பிடுங்கினான். மரம் நிமிர்ந்து, கூரையைப் பானைமூடி போலத் தூக்கிவிட்டது. தலை மட்டும் அசையவில்லை. அன்று காற்றே இல்லை.

அசரேல் தரையில் உட்கார்ந்து அழுதான். “இனி நான் யாரைம்மா கேப்பேன்?”

கெத்சியாளின் இடுப்புக் கூடையில் பழுத்த அத்தி. “என்னைக் கேட்டீங்களாப்பா? அசைக்கத் தலைதானே வேணும்? உங்க கழுத்து மேல ஒண்ணு இருக்கே!”

அசரேல் ஒருமுறை தலையசைத்தான்.

கல்யாண விருந்து ஏழு நாள் நடந்தது. கெத்சியாள் தெக்கோவாவுக்குப் போனாள். சாமி செய்யச் சொல்லி வருகிறவர்களுக்கு அசரேல் இப்போது நுகத்தடி செய்து கொடுக்கிறான். மரத்தைப் படைத்தவரிடம் பேசக் குறுக்கே கூரைகூட இல்லை என்பான். யாஷூபின் தாய் மருமகளோடு மல்லுக்கட்டிப் பெத்சூருக்கே குடிவந்துவிட்டாள். அசரேலின் அந்தக் கூரையில்லா வீட்டுக்குள், கர்வாலி நிழலில்தான் ஆடு கறக்கிறாள்.