மேயருக்குப் பத்தியம்

எங்கள் தீவின் குலா மலைச்சரிவில், தபால் ஆபீசுக்கும் தீவனக் கடைக்கும் நடுவே எங்கள் முடிதிருத்தும் கடை. மொத்தமே இரண்டு நாற்காலி. ஒன்று லொரேன் ஷிமாபுக்குவுடையது, இன்னொன்று என்னுடையது. முப்பது வருஷமாக இந்த ஊர் ஆண்களின் பிடரிகளை எல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர் லொரேன் ஆன்ட்டி. நான் அங்கே சேர்ந்த மறு வருஷம் மேயர் வந்து சேர்ந்தார்.

மேயர் ஒரு பச்சோந்தி. மூக்கின் மேல் மூன்று கொம்பு வைத்த ஆண். காற்றும் மழையுமாக இருந்த ஒரு நாள், முறிந்த ஜகரண்டா மரக்கிளையோடு நடுரோட்டில் கிடந்தார். பின்னங்காலில் பூனை கடித்த காயம். ஆன்ட்டி அவரைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து ஜன்னலோரச் செம்பருத்தித் தொட்டியில் விட்டார். கிளையில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு கண் வாசலுக்குப் போனது, மற்றொரு கண் கல்லாப்பெட்டிக்குப் போனது.

"எலெக்‌ஷன்ல ஜெயிச்ச மூஞ்சி அப்படியே இருக்கு பாரு," என்றார் ஆன்ட்டி. பெயர் அப்போதே நிலைத்துவிட்டது.

காயம் ஆறியது. எங்கள் கடை அவருக்கென்றே கட்டியது போல் அமைந்ததுதான் வேடிக்கை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மேயர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இலையில் சொட்டு நின்றால்தான் நக்குவார். தலை நனைக்கிற ஸ்பிரே பாட்டில்தான் எங்களிடம் ஐந்தாறு இருக்கிறதே! காலையும் மாலையும் செடி முழுக்க அடித்துவிடுவோம். கண்ணாடி வழியாக வரும் வெயில் பச்சோந்தியின் எலும்புக்கு உதவாது என்று ஆன்ட்டி எங்கோ படித்திருந்தார். அதனால் தினமும் ஒரு மணி நேரம் தொட்டி வாசல் வராந்தாவுக்குப் போகும், பூனை வராமல் காவலும் உண்டு. பின்கட்டில் ஒரு வாளியில் சில்வண்டு வளர்த்தார். அவற்றுக்குக் கேரட்டும் கீரையும் போடுவார்.

"பூச்சி வயித்துல என்ன இருக்கோ அதுதான் மேயர் வயித்துக்குப் போகுது. பட்டினி பூச்சிய போட்டா வெறும் ஓட்டைத் திங்கிற மாதிரி," என்பார்.

வாரம் இரண்டு தடவை சில்வண்டுகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிவிடுவார், ஆளுக்குப் பவுடர் போடுகிற அதே கைப்பக்குவத்தோடு. ஒரு நாள் ஐந்து சில்வண்டு, மறு நாள் ஒன்றுமில்லை. கொடுத்த நாளில் காலண்டரில் ஒரு கோடு. கணக்கு அவ்வளவு கறார்.

அப்படி இருந்தும் செப்டம்பரில் மேயருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உச்சிக் கிளைக்கு ஏறுவதை நிறுத்தினார். கால் மூட்டுகள் பயறு வைத்தது போல் வீங்கின. பச்சை நிறம் கறுத்து, பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாக்கை நீட்டினால் பூச்சி ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம்.

கடையை மத்தியானமே சாத்திவிட்டு, பக்கத்து ஊர் புக்கலானியில் இருந்த கால்நடை மருத்துவர் மெலே கபுனியாயிடம் போனோம். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் போனில் கேட்டிருந்தபடி, மேயரின் எச்சத்தை ஆன்ட்டி ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார்.

"என்ன குடுக்கறீங்க ஆன்ட்டி?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் அஞ்சு சில்வண்டு. காலண்டரையே கழட்டிக் கொண்டாந்திருக்கேன், பாரு."

டாக்டர் காலண்டரைப் பார்த்தார். மேயரைச் சின்னத் தராசில் வைத்தார். கண்ணுக்கு மேல் உப்பியிருந்த இடத்தை விரலால் மெல்லத் தொட்டார்.

"இருக்க வேண்டிய எடைக்கு ஒண்ணரை மடங்கு இருக்காரு. இந்த மெத்து மெத்துனு இருக்கறதெல்லாம் கொழுப்பு. மூட்டு வீக்கம் கீல்வாதம். மனுஷங்களுக்கு வருதே, அதேதான். தீனி ஜாஸ்தி, தண்ணி கம்மி."

"அஞ்சு சில்வண்டுலயா?"

டாக்டர் காகிதத்தைப் பிரித்துக் குச்சியால் கிளறினார். "இது வெட்டுக்கிளி கால். இது ஏதோ வண்டோட ரெக்கை. இது என்னன்னே எனக்குத் தெரியல. ஆன்ட்டி, உங்க கடையில யாரோ விருந்து வைக்கறாங்க."

ஆன்ட்டி மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தை உற்றுப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் ஓட்ஸ் டப்பாவில் புழு வளர்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆன்ட்டி பின்கதவைப் பூட்டப் போகும் நேரத்தில், மேயருக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. நாக்கு என் விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போகும்போது ஏற்படும் சந்தோஷத்துக்கு நான் அடிமையாகியிருந்தேன். ஆனால் வெட்டுக்கிளி நான் இல்லை. வண்டும் நான் இல்லை. அதனால் காரில் வாயே திறக்கவில்லை.

டாக்டர் சொன்ன பத்தியம் இது: பத்து நாள் தீனி கிடையாது. காலையில் இரண்டு சொட்டு மருந்து. தண்ணீர் மட்டும் தாராளம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நிதானமாக. பிறகு வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு சின்னச் சில்வண்டு.

"பத்து நாளா? செத்துட மாட்டாரா?" என்றார் ஆன்ட்டி.

"சாப்பிட்டுத்தான் இந்த நிலைமை. பட்டினி தாங்குவாரு. விருந்துதான் தாங்க மாட்டாரு."

மறுநாள் காலை, தொட்டியில் ஒரு அட்டை தொங்கியது: 'மேயருக்குக் கீல்வாதம். எதுவும் கொடுக்காதீர்கள்.' யார் கொடுத்தது என்று ஆன்ட்டி பொதுவில் கேட்கவே இல்லை. ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டி, கத்தி காதுக்குப் பின்னால் போகும்வரை காத்திருந்தார்.

முதல் ஆள் முட்டைகோஸ் தோட்டக்காரர் டொமிங்கோ அக்பயானி.

"தலையக் குனிங்க. மேயருக்கு என்ன குடுத்தீங்க?"

"நானா? நான் ஒண்ணும் குடுக்கலியே."

கத்தி நின்றது. "டொமிங்கோ."

"கோஸ் புழு. ரெண்டே ரெண்டு." கத்தி நகரவில்லை. "சரி, நாலு."

"மருந்தடிச்ச புழுவா?" ஆன்ட்டியின் குரல் ஏறியது.

"ஐயய்யோ, என்ன ஆன்ட்டி நீங்க! கடைசிப் பாத்திக்கு மருந்தே அடிக்கறதில்ல. மேயருக்குன்னே விட்டு வச்சிருக்கேன். என் பொண்டாட்டி கேட்டா சொல்லிடாதீங்க."

அடுத்தது தபால் கொடுக்கும் வாண்டா பிமெண்டல். தபால்பெட்டிகளுக்குள் தூங்கும் அந்துப்பூச்சிகளைப் பிடித்து, கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாளாம்.

"ஸ்டாம்ப் ஒட்டினியா?" என்றார் ஆன்ட்டி.

மத்தியானத்துக்குள் ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். தீவனக் கடைக்காரர் வண்டு. பள்ளிக்கூட பஸ் டிரைவர் சிலந்தி. ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் கொடுப்பதாக, அதுவும் பாவம் மேயருக்குப் போதுமான சாப்பாடு கிடைப்பதில்லை என்று, நினைத்துக்கொண்டிருந்தார். கடை காலியானதும் ஆன்ட்டி துணியை ஒரு உதறு உதறினார்.

"நீ எப்ப உக்காரப் போற?"

உட்கார்ந்தேன். துணியைக் கட்டினார்.

"எத்தனை நாளா?"

"மார்ச்லேருந்து."

ஆன்ட்டி கத்தரியை எடுத்தார். முன்நெற்றி முடியை மட்டும் சீர் செய்தார். அது இருக்க வேண்டிய நீளத்துக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை கடைக்கு வந்தவர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் போகவில்லை.

அட்டை தொங்கிய அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் கிளாரன்ஸ் ஃப்ரெய்டாஸ் வந்தார். மலைமேல் இருக்கும் மாட்டுப் பண்ணையில் நாற்பது வருஷம் குதிரை ஏறியவர், வயது எழுபத்துநாலு. தலையில் வெட்டுவதற்கு மிஞ்சியிருந்தது காதோரம் இரண்டு கீற்று. ஆனாலும் செவ்வாய் தவறாமல் வருவார். நாலு நிமிஷத்தில் வேலை முடியும், பிறகு ஒரு மணி நேரம் செம்பருத்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அன்று அட்டையைப் படித்ததும் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

"கீல்வாதமா? இந்த உடம்புக்கா?" என்றார். தன் வலது பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கால் கட்டைவிரலில் அவருக்கும் அதே வியாதி என்று ஊருக்கே தெரியும். "லொரேன், ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போகும். இவருக்கு நாலு காலுமா?"

"நீ என்ன குடுத்த?" ஆன்ட்டி கேட்டார். துணி கட்டக்கூட இல்லை.

சட்டைப் பையிலிருந்து புகையிலை டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஏதோ துள்ளியது.

"வெட்டுக்கிளி. நல்லா கொழுத்ததா பாத்துப் பிடிப்பேன். என் வீட்டுக்காரி பெர்னிஸ் போனப்புறம் வீட்ல யாருக்கு என்ன குடுக்கறது? புள்ளைங்க ஹானலூலுல. போன் பண்ணா, வேண்டாம்பா வேண்டாம்பாங்கறதுதான் பேச்சே. இவரு மட்டும்தான் குடுக்கக் குடுக்க வாங்கிக்கிட்டாரு."

ஆன்ட்டி டப்பாவை எடுத்துப் போய் வெளியே புல்லில் கொட்டிவிட்டு வந்தார்.

"நான்தான் இவர இப்படி ஆக்கிட்டேன்," என்றார் கிளாரன்ஸ்.

"நீ மட்டும் இல்ல, இந்த ஊரே சேந்துதான். பெருமைய மொத்தமா நீயே எடுத்துக்காத."

"இவரு வாய் தொறக்கற வரைக்கும் நானும் பன்னிக்கறி தொட மாட்டேன். பீரும் கிடையாது."

"உன் டாக்டர் அஞ்சு வருஷமா அதத்தானேய்யா சொல்றாரு!"

"டாக்டர் வேற, இவரு வேற," என்றார் கிளாரன்ஸ்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். காலை ஒன்பதுக்கு, மத்தியானம், சாயங்காலம். எங்கள் ஸ்பிரே பாட்டிலை எடுத்து, இலை இலையாக, அவசரமே இல்லாமல் அடிப்பார். மேயர் நக்கும்வரை அசையமாட்டார். முதல் மூன்று நாள் மேயர் நன்றாகக் குடித்தார். ஐந்தாம் நாள் குடிக்கவில்லை. ஆறாம் நாள் கிட்டத்தட்டக் கறுப்பாகவே ஆகிவிட்டார். டாக்டருக்குப் போன் செய்தோம்; மருந்தை நிறுத்தாதீர்கள், இன்னும் நிதானமாகத் தண்ணீர் அடியுங்கள் என்றார். கிளாரன்ஸ் அன்று முழுக்கக் கடையிலேயே இருந்தார். வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ரேடியோவைக்கூட ஆன்ட்டி நிறுத்திவிட்டார்.

எட்டாம் நாள் காலை நான் கடையைத் திறந்தபோது மேயர் கீழ்க்கிளையில் இல்லை. பதறிப்போய்த் தொட்டியைச் சுற்றித் தேடினேன். உச்சிக் கிளையில், மூடுபனிக்குள் வந்த வெளிச்சத்தில், இலைக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாத பச்சையில் உட்கார்ந்திருந்தார்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. முடி வெட்டிக்கொள்ள இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கப் பதினாலு பேர். வாண்டா தபால் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நின்றாள். ஆன்ட்டி ஒரு சின்னச் சில்வண்டைப் பொடியில் புரட்டிக் கிளையில் விட்டார். மேயரின் இரண்டு கண்களும் ஒரே பக்கம் திரும்பின. நாக்கு பாய்ந்தது. தவறியது. பதினாலு பேரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். சில்வண்டு இரண்டு எட்டு நடந்தது. நாக்கு மறுபடியும் பாய்ந்தது. இந்தத் தடவை மேயர் மென்றார்.

டொமிங்கோ போட்ட கூச்சலில் கண்ணாடி அதிர்ந்தது. மேயர் பயந்து கறுத்துப் போனார்.

"கத்தாதீங்கய்யா, மனுஷன் சாப்பிடறாரு!" என்று ஆன்ட்டி அதைவிடப் பெரிதாகக் கத்தினார். கிளாரன்ஸ் கண்ணாடிப் பக்கம் திரும்பி, இல்லாத முடியைச் சீவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊட்டுவதற்கு முறை வைத்துவிட்டார் ஆன்ட்டி. சனிக்கிழமை ஒருத்தர், ஒரே பூச்சி, அவர் கண் முன்னால். வாரத்தின் இரண்டு தீனி நாட்களில் ஒன்று அதோடு முடியும். முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லி நடந்த பேரங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வாண்டா தன் முறையை விட்டுக்கொடுக்க ஒரு பெரிய பெட்டி மலசாடா பணியாரம் கேட்டு வாங்கினாள். காலை வெயிலுக்குத் தொட்டியைத் தூக்கிப்போய் வைத்துக் காவல் இருக்கும் வேலை கிளாரன்ஸுக்கு. அதைப் பற்றி யாரும் பேரம் பேசவில்லை. மேயர் வாய் திறந்த பிறகும் அவர் பன்னிக்கறியையும் பீரையும் தொடவில்லை.

டிசம்பரில் மேயரை எடை பார்க்கக் கிளாரன்ஸின் லாரியிலேயே போனோம். மூட்டு வீக்கம் முழுக்க வற்றியிருந்தது. எடையும் சரியாக இருந்தது. டாக்டர் காகிதத்தில் குறித்துக்கொண்டிருக்கும்போது கிளாரன்ஸ் பூட்ஸைக் கழற்றினார்.

"மூலையில இருக்கே, அந்தத் தராசு வேலை செய்யுதா?"

"அது பெரிய நாய்ங்களுக்கு, அங்கிள்."

"நாய்க்கு சரியா காட்டுமில்ல? செப்டம்பர்ல என் டாக்டர்கிட்ட இருநூத்திப் பத்து பவுண்டு," என்று ஏறி நின்றார்.

ஆன்ட்டி குனிந்து முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"பதிமூணு பவுண்டு குறைஞ்சிருக்குய்யா," என்றார்.