ஒரே ஒரு ரிமோட்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை, மனசில் வருஷக்கணக்காக ஊறிக் கிடக்கவும் இல்லை. ஓர் இணையதளக்காரர் ஐந்நூறு வார்த்தையில் ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'பாறை ஏறும் ரிமோட் கார்: பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து எதைத் தேர்ந்தெடுக்கலாம்?' நான் பொம்மைக் கார் தொட்டே நாற்பது வருஷம் ஆகிறது. இருந்தாலும் கேட்டதை எழுதுவதுதானே பிழைப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நோட்டும் பேனாவுமாக அப்படியொரு கடையின் மாடிப்படி ஏறினேன்.

முதல் மூன்று வரிகள் சுலபமாக வந்தன. 'குழந்தையின் வயதைப் பாருங்கள். வீட்டுத் தரையைப் பாருங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேளுங்கள்.' நாலாவது வரி 'பெற்றோர் பொறுமையாக' என்று தொடங்கி அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில்தான் ஓர் அப்பா, மகள், கூட ஒரு பெண் என்று மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள்.

இணையதளக்காரர் இன்னமும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார். நான் எடுப்பதில்லை.

2

தொடக்கம் ஒன்று: 'வெளியே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தலையோடு அப்பாவும் மகளும்'

இல்லை. அன்று மழையே கிடையாது. கதை ஓடாதோ என்று பயம் வந்தால் எனக்கு உடனே மழை பெய்துவிடும். பழைய வியாதி.

தொடக்கம் இரண்டு: 'ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுக்க'

சீ. அடித்தாயிற்று.

பார்த்ததைச் சொல்கிறேன். அப்பா லிப்ட் மெக்கானிக். சட்டைப் பாக்கெட்டுக்கு மேல் லிப்ட் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. இடுப்பில், லிப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற முக்கோணச் சாவி தொங்கியது. நகக்கண்ணில் கிரீஸ். லீவு போட்டுக்கொண்டு வராமல் வேலையிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. இடது முழங்கையை முழுசாக நீட்ட வராது அவளுக்கு. அந்தக் கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். மூன்றாவது ஆள் கையில் கோப்பு வைத்திருந்த ஒரு பெண். அவர் வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இல்லைங்க. நான் குடும்ப நீதிமன்றத்துல ஆலோசகர். அவர் பொண்ணைப் பாக்கறப்போ நான் கூட இருக்கணும். ஆறு தடவை. இது ஆறாவது." கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குப் பொண்ணுகிட்ட ஒரு கேள்வி கேப்பேன். இனிமே அப்பாகூடத் தனியா வர்றியா, மாட்டியான்னு. அவ சொல்றதத்தான் எழுதுவேன்."

(இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஆறு சனிக்கிழமை அடுத்தவர் குடும்பத்துக்குக் காவலாக உட்கார்ந்த மனுஷி யாரிடமாவது பேசத்தானே செய்வார். அவர் வேலைக்கு உலை வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதில் யாருக்கும் பெயர் இல்லை.)

அப்போது மணி மூன்று பத்து. இனிமேல் நான் லிப்ட்காரர் பக்கமாகப் போய் நின்றுகொள்கிறேன். அவர் பேசியது எல்லாம் என் காதில் விழுந்தது. அவர் நினைத்தது மட்டும் என் சொந்தச் சரக்கு.

3

லிப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து சனிக்கிழமை பூங்கா, ஐஸ்கிரீம், மறுபடி பூங்கா. மகள் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன வாரம் மட்டும் ஒரு கடை ஜன்னலைக் காட்டி, "அந்த வண்டி சுவர்ல ஏறும்" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரம் இங்கே வந்திருக்கிறார்.

"எது சார் ரொம்ப வேகமா போகும்?"

கடைக்காரர் சிரித்தார். "இது வேகத்துக்கு இல்ல சார். ஆமை மாதிரிதான் போகும். ஆனா எது மேலயும் ஏறும்." மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை அகலம். ஒன்று பூனைக்குட்டி அளவு, பெட்டியைப் பிரித்த உடனே ஓட்டலாம். இன்னொன்று வெறும் பாகங்கள். இருநூறு திருகாணி, உட்கார்ந்து நாமே பூட்ட வேண்டும்.

லிப்ட்காரரின் கை தானாகத் திருகாணிப் பெட்டிக்குப் போனது. இதைப் பூட்ட எத்தனை சனிக்கிழமை ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. பத்தாவது ஆகும். பத்துச் சனிக்கிழமை! அப்புறம்தான் மகள் முகத்தைப் பார்த்தார். அந்தக் கணக்கு அவளுக்கும் புரிந்திருந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வீட்டுல தரை எப்படி சார்? டைல்ஸா, மண் கிண் இருக்கா?" பாவம், கடைக்காரர் எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டார்.

"எந்த வீட்டுல?" என்றாள் மகள்.

(என் கட்டுரையின் இரண்டாவது வரி இங்கே செத்தது.)

லிப்ட்காரர் அவசரமாக, நடுவில் இருந்த பூனைக்குட்டி அளவு வண்டியைக் காட்டினார். "இதுக்கு ரெண்டு ரிமோட் வருமா?"

"ஒரு வண்டிக்கு ஒரு ரிமோட்தான் சார்."

"அப்போ ரெண்டு வண்டியாவே குடுத்துடுங்க. ஆளுக்கு ஒண்ணு."

"ஒண்ணு போதும்," என்றாள் மகள். அன்று அவள் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவருக்குப் புரியவில்லை.

4

கடையின் மூலையில் ஒரு மேஜை. அதன் மேல் நிஜக் கற்களை அடுக்கி ஒரு குட்டி மலை. கடைக்காரர் வண்டியை அடிவாரத்தில் வைத்து ரிமோட்டைச் சிறுமியிடம் கொடுத்தார். துப்பாக்கி மாதிரி பிடி, ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை. அவள் இடது கையால் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, விசையை லேசாக அழுத்தினாள். வண்டி முனகியது. முன்சக்கரம் கல்லைத் தடவியது, பிடித்தது, ஏறியது.

லிப்ட்காரர் இரண்டு கைகளையும் வண்டிக்குக் கீழே வலை போல ஏந்திக்கொண்டு கூடவே நகர்ந்தார்.

"கைய எடுப்பா."

"விழுந்துடும்டா."

"விழுந்தா ஒண்ணும் ஆகாது சார்," என்றார் கடைக்காரர்.

"எடு."

அவர் அரை அடி எடுத்தார். அதற்கு மேல் கை வரவில்லை. வண்டி உச்சிக் கல்லில் செங்குத்தாக நின்றது. பின்சக்கரம் ஒன்று காற்றில் சுற்றியது. மணி மூன்று நாற்பது. ஆலோசகர் கோப்பைத் திறந்துவிட்டார்.

(இந்த இடத்தில் வண்டியைக் கவிழ்க்கலாமா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். கவிழ்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கவிழவில்லை, நான் என்ன செய்ய?)

"விரலை எடுத்துடு பாப்பா," என்றார் கடைக்காரர்.

"எடுத்தா பின்னால வந்துடுமே!"

"வராது. எடுத்துப் பாரு."

சிறுமி கண்ணை இறுக்கிக்கொண்டு விரலை எடுத்தாள். வண்டி அந்தச் செங்குத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஓர் இம்மி நகரவில்லை.

"அட!" என்றார் லிப்ட்காரர். அத்தனை பயமும் பறந்து, அவருக்குள் இருந்த மெக்கானிக் எழுந்து வந்துவிட்டார். "நம்ம லிப்ட் மாதிரியேடா பாப்பா! கரண்ட் போனா லிப்ட் விழுந்துடும்னு எல்லாரும் பயப்படுவாங்க. விழவே விழாது. கரண்ட் போனாத்தான் ஸ்பிரிங் வந்து பிரேக்க இறுக்கும். கரண்ட் இருந்தாத்தான் பிரேக் திறக்கும். எல்லாரும் தலைகீழா நினைச்சிட்டிருக்காங்க!"

மகள் அவரையே பார்த்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள்.

"அப்போ விட்டாலும் பிடிச்சுக்கும்."

"ஆமாடா!"

"அப்புறம் நீ மட்டும் ஏன்ப்பா விட்ட?"

5

லிப்ட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் திடீரென்று அலமாரியைத் துடைக்கப் போய்விட்டார்.

சைக்கிள் விஷயம். ஐந்து மாசத்துக்கு முன்னால், அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே, கார்கள் இறங்குகிற சரிவில். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பாதிச் சரிவில் அவள் "விடுப்பா" என்று கத்தினாள். விட்டார். பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு. சைக்கிள் நேரே போய்த் தூணில் மோதியது. முழங்கை இரண்டு இடத்தில் முறிந்தது.

'இவர் கவனமே இல்லாத ஆள்' என்று அவளுடைய அம்மா நீதிபதியிடம் சொன்னபோது லிப்ட்காரர் வாயே திறக்கவில்லை. அவதான் விடச் சொன்னா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தை மேல் பழியைப் போடுவதா என்று விழுங்கிக்கொண்டார். (என் சொந்தச் சரக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறேன்: விழுங்கியதில் தன்னைப் பெரிய மனுஷனாகவும் நினைத்துக்கொண்டார். மகள் மேல் ஒரு சின்ன வருத்தமும் வைத்திருந்தார். அவளே சொல்லிவிட்டு, இப்போது முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று.)

இன்றைக்கு அவளே கேட்கிறாள்.

"நீதானே... விடுப்பான்னு சொன்னே."

"ஆமா, சொன்னேன்."

ஆலோசகர் நிமிர்ந்தார்.

"போதும்னு சொன்னேன். பயமா இருக்கு, வேணாம், வீட்டுக்குப் போலாம், விடுப்பான்னு. நீ கைய விட்டுட்ட."

(விடு என்று ஒரு சொல். வண்டியை விடு என்றால் ஓட்டு. கையை விடு என்றால் எடு. 'அட, விடுப்பா' என்றால் போதும், நிறுத்து. மூன்றையும் தினமும் பேசுகிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. நோட்டில் இதற்கு அகராதி மாதிரி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் போட்டு உங்களை அறுக்க மாட்டேன்.)

"எனக்கு வேற மாதிரி கேட்டுதும்மா," என்றார். ஐந்து மாசமாகத் தாங்கிய பெரிய மனுஷத்தனம் எல்லாம் ஒரே நிமிஷத்தில் போயிற்று. அவள் மேல் வைத்திருந்த வருத்தம் அவர் நெஞ்சையே அறுத்தது.

"எதை விடணும்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்மா. கேக்கல. என் தப்புதான்."

அவள் விசையை அழுத்தினாள். வண்டி உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.

6

இனி முடிவு. முடிவுகள்தான் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன.

ஒன்றில் அவள் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். ஐந்து மாச வலி ஒரு மன்னிப்பில் தீருமா? அவள் முழங்கை இன்னும் நீளவில்லை ஐயா.

இன்னொன்றில் அவள் 'மாட்டேன்' என்கிறாள். எழுதும்போது பெரிய எழுத்தாளன் ஆகிவிட்டது மாதிரி இருந்தது. காலையில் படித்தால், ஒரு மனுஷனைச் சும்மா நோகடித்திருக்கிறேன்.

மூன்றாவதில் வண்டியை மகளும் ரிமோட்டை அப்பாவும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பிரிகிறார்கள். இதைப் படித்தால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே கிழித்துப் போட்டேன். நிஜத்தில் கடைக்காரர் வண்டியையும் ரிமோட்டையும் ஒரே பெட்டியில் போட்டு, நாடா சுற்றி, லிப்ட்காரர் கையில்தான் கொடுத்தார்.

7

நாலு அடித்தது. ஆலோசகர் ஸ்டூலிலிருந்து எழுந்து சிறுமிக்கு எதிரே குனிந்து நின்றார். கோப்பில் இரண்டு கட்டங்கள்; நான் எட்டிப் பார்த்தேன்.

"அடுத்த வாரத்துல இருந்து நான் இருக்க மாட்டேன். அப்பாகூடத் தனியா வர்றியா? அவசரமே இல்ல. யோசிச்சுச் சொல்லு."

சிறுமி ஆலோசகரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பையை எடுத்து வலது தோளில் மாட்டிக்கொண்டாள். படிக்கட்டு வரைக்கும் நடந்தாள். அங்கே திரும்பி, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"வரேன்ப்பா."

சொல்லிவிட்டுப் படி இறங்க ஆரம்பித்தாள். கீழே அவளுடைய அம்மா காத்திருந்தாள்.

லிப்ட்காரரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மலர்ந்து, பாதியில் அப்படியே நின்றதையும் பார்த்தேன். கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல நம் யாருக்கும் நாக்கு எழாது. திரும்பவே போவதில்லை என்று தெரிந்த இடத்திலும் 'வரேன்' என்றுதான் சொல்லிவிட்டு வருகிறோம். அவள் கேள்விக்குப் பதில் சொன்னாளா, விடைபெற்றாளா? ஆலோசகரின் பேனா இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது. நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பது போல அவரும் லிப்ட்காரரையே பார்த்தார்.

எனக்குக் கேட்டதை வைத்து நான் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிடலாம். மாட்டேன். கேட்டதை வைத்து முடிவு பண்ணியதால் வந்த வினைதானே இவ்வளவும்.

கேட்க வேண்டியவர் அவர். நாலு வார்த்தை போதும்: 'எந்த வரேன்ம்மா சொன்னே நீ?' ஆனால் கேட்டால் பதில் வரும். கேட்காமல் விட்டால், அந்த 'வரேன்' அவருக்குப் பிடித்த அர்த்தத்திலேயே வீடு வரைக்கும் கூட வரும்; அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தாங்கும். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். பயந்தாங்கொள்ளி நான். நீங்கள் கேட்டிருப்பீர்களா?

சிறுமி ஏழாவது படியில் இருக்கிறாள். லிப்ட்காரர் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேல்படியில் நிற்கிறார். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. கேளுங்க சார். தயவு பண்ணி, அவ கீழ போறதுக்குள்ள கேட்டுடுங்க.